அக்காவுக்கு மார்பகத்தை எடுத்த பிறகு சிலிக்கானா, வயிற்றுச் சதையா? முதலில் கதிர்வீச்சைப் பற்றிக் கேளுங்கள்

உங்கள் கேள்வி இது: அக்காவுக்கு 44 வயது. இடது மார்பகத்தில் 4 செ.மீ. கட்டி, அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது, ஊசிப் பரிசோதனையில் அதிலும் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. கீமோ முடியப்போகிறது. அடுத்து மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சிலிக்கான் வைக்கலாம், வயிற்றுச் சதையை எடுத்து வைக்கலாம், இப்போதே செய்யலாம், ஒரு வருடம் கழித்தும் செய்யலாம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து குழம்பிப்போயிருக்கிறீர்கள். செலவைப் பற்றியும் கேட்கிறீர்கள்.

சிலிக்கானா வயிறா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு உண்டா என்பது. நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்கிறார்களே, அதுதான். அக்குள் நெறியில் நோய் இருந்தது உறுதியானவர்களில் பெரும்பாலோருக்கு கதிர்வீச்சு கொடுப்பார்கள். கீமோவில் நெறி கரைந்துவிட்டாலும் முதலில் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே அக்காவுக்கு அது உண்டு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். புற்றுநோய் சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் மூவரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் மாறினால் மூவரையும் ஒன்றாகப் பேசச் சொல்லிக் கேட்கலாம், தயக்கம் வேண்டாம்.

இன்னொன்று. பிளாஸ்டிக் சர்ஜனை மார்பகத்தை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், இப்போதைக்கு மறுசீரமைப்பு, அதாவது மார்பக வடிவத்தைத் திரும்ப உருவாக்குவது, வேண்டாம் என்று அக்கா நினைத்தாலும்கூட. கீறல் எங்கே போக வேண்டும், எவ்வளவு தோலை விட்டுவைக்கலாம், மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்புக் கோட்டைத் தொடாமல் விடலாமா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் முடிவாகிவிடும். பிறகு செய்யும் எந்த வேலையும் அன்று மிச்சம் வைத்த தோலை நம்பித்தான் இருக்கிறது. மார்பகத்தோடு அக்குள் நெறிகளையும் எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.எம். ஆபரேஷனில் காம்போடு சேர்த்து அகலமாகத் தோலை எடுத்து நெஞ்சோடு இழுத்துத் தைத்துவிடுவார்கள். தோலைக் காக்கும் முறையில் உள்ளே இருக்கும் மார்பகத் திசு முழுவதும் போய்விடும், தோல் ஒரு காலிப் பை போல நிற்கும். அந்தப் பைக்குள் எதையாவது வைத்தால் வடிவம் இயல்பாக வரும். நோய் தோலைத் தொடாதவர்களுக்கு இது புற்றுநோய் சிகிச்சையில் குறை வைக்காத முறைதான்.

கதிர்வீச்சு ஏன் இவ்வளவு முக்கியம்? அது அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதித்து, திசுவை நார்போல இறுக்கிவிடும். சிலிக்கானை வைத்தால் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை எல்லோருக்கும் உண்டாக்கும், அது இயல்பு. கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதைப் பந்தாக இறுக்கிப் பிடிக்கும். இதை பேக்கர் அளவுகோலில் 4 படிகளாகப் பிரிக்கிறார்கள்: 1 என்றால் மிருது, 3 என்றால் வடிவம் கோணுவது கண்ணுக்கே தெரியும், 4 என்றால் வலியும் சேர்ந்துகொள்ளும். 3, 4 வந்தால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். கதிர்வீச்சு பட்ட தோலில் தையல் பிரிவது, சீழ் பிடிப்பது, சிலிக்கான் வெளியே தெரிவது எல்லாமே அதிகம். வயிற்றிலிருந்து கொண்டுவந்த சதையும் கதிர்வீச்சில் கொஞ்சம் சுருங்கிக் கட்டிதட்டும். ஆனால் கதிர்வீச்சு முடிந்த பிறகு புதுச் சதையைக் கொண்டுவந்தால், அது தன் ரத்த ஓட்டத்தோடு வருவதால் நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

ஆகவே அக்காவைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் மூன்று பாதைகள் இருக்கின்றன. மார்பகத்தை எடுத்து, கதிர்வீச்சை முடித்து, குறைந்தது 6 மாதம், பல சர்ஜன்கள் சொல்வதுபோல ஒரு வருடம் பொறுத்து, சொந்தச் சதையால் செய்வது ஒன்று. மார்பகத்தை எடுக்கும்போதே எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்துத் தோலின் இடத்தைக் காப்பாற்றி, கதிர்வீச்சு முடிந்த பிறகு அதை எடுத்துவிட்டுச் சொந்தச் சதையை வைப்பது இன்னொன்று. மூன்றாவது, அன்றே சொந்தச் சதையால் முடித்துவிட்டு, கதிர்வீச்சால் கொஞ்சம் சுருங்கும் என்று தெரிந்தே போவது. சில மையங்களில் இதை நிறையச் செய்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அக்காவுக்கு முதல் பாதைதான் பாதுகாப்பானது. காரணம் அழகு பற்றியது அல்ல. கீமோ முதலிலேயே முடிந்துவிடுவதால், ஆபரேஷனுக்குப் பின் சுமார் 6 முதல் 8 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். மறுசீரமைப்பில் தையல் பிரிந்து புண் ஆறாமல் இழுத்தால் அந்தத் தேதி தள்ளிப்போகும். புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளவைக்கும் எதற்கும் இப்போது இடம் கொடுக்கக் கூடாது. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு: நெஞ்சுத் தோல் ஒட்டிப்போய்விடும், பிறகு வயிற்றுத் தோலையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும், அந்தத் தோல் வேறு நிறத்தில் ஒரு திட்டாகத் தெரியும்.

சிலிக்கான் வழியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், கதிர்வீச்சு தேவைப்படாத மற்றவர்களுக்கும் பயன்படும். தோல் நல்ல ரத்த ஓட்டத்தோடு இருந்து, மார்பகம் அவ்வளவு பெரிதாக இல்லையென்றால் அன்றே நிரந்தர சிலிக்கான் பையை, அதாவது இம்ப்ளான்டை, வைத்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வைக்கும் எக்ஸ்பாண்டர் ஒரு காலி சிலிக்கான் பை. உள்ளே சிறிதளவு உப்பு நீர் ஏற்றி மூடுவார்கள். 2 அல்லது 3 வாரத்தில் தையல் ஆறியதும் வெளிநோயாளியாகப் போய் வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும். பையில் ஊசி போடுவதற்கென்று ஒரு வாய் இருக்கும். ஒரு சின்ன காந்தத்தைத் தோல் மேல் நகர்த்தி அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 மி.லி. வரை ஏற்றுவார்கள். அந்தத் தோல் மரத்திருப்பதால் ஊசி பெரும்பாலும் வலிக்காது. அன்றும் மறுநாளும் நெஞ்சை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும், பாராசிட்டமால் போதும். ஏற்றும்போது தோல் வெளுத்து, சில நிமிடத்தில் பழைய நிறம் திரும்பவில்லை என்றால் கொஞ்சம் நீரைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 400 மி.லி. இலக்கு என்றால் 4 முதல் 6 முறை போகவேண்டி வரும். அது முடிந்து இரண்டு மூன்று மாதம் தோல் தளர்ந்து பழகியதும் இரண்டாவது ஆபரேஷனில் எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு இம்ப்ளான்டை வைப்பார்கள். ஒரு எச்சரிக்கை: காந்தம் உள்ள எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. முதுகு வலி என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் இதை முதலிலேயே சொல்லுங்கள்.

இம்ப்ளான்டை நெஞ்சுத் தசைக்கு அடியிலும் வைக்கலாம், மேலேயும் வைக்கலாம். அடியில் வைத்தால் மேலே மூடும் சதை கூடுதலாக இருக்கும், ஆனால் கையை அழுத்தி எதையாவது தள்ளும்போது மார்பு துள்ளி நகர்வது தெரியும். மேலே வைத்தால் அந்தத் துள்ளல் இல்லை, வலியும் குறைவு. ஆனால் மேலே மூடும் தோல் கனமாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இம்ப்ளான்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு விரிப்பும் தேவைப்படும். செல்களை நீக்கிப் பதப்படுத்திய தோல் விரிப்புகள் மனிதத் தோல், பன்றித் தோல், மாட்டுத் தோல் ஆகியவற்றிலிருந்து செய்யப்படுகின்றன. விலை அதிகம். மத நம்பிக்கை காரணமாக யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எதிலிருந்து செய்தது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மார்பகம் பெரிதாகத் தொங்கும் உடல்வாகு என்றால் அவருடைய சொந்தத் தோலின் கீழ்ப்பகுதியையே மேல்தோல் சீவி உள்ளே மடித்துத் தாங்கியாக்கலாம், செலவில்லாத நல்ல வழி.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதும் வரும் பொருள் அல்ல. கிழிந்தால் ஜெல் பெரும்பாலும் உறைக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் வைத்து 5 அல்லது 6 வருடத்தில் ஒருமுறையும், பிறகு 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று கட்டாயம் கேளுங்கள். சொரசொரப்பான வகைகளைச் சுற்றிய உறையில் அரிதாக லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுநோய் வருவது உறுதியாகி, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே அந்த வகையை வைத்திருப்பவர்கள் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் எடுக்க வேண்டியதில்லை. பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர்கோத்து வீங்கினால் மட்டும், அந்த நீரை எடுத்து, இந்த லிம்போமாவைத் தேடும் சி.டி.30 பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இம்ப்ளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் வரிசை எண், அளவு, வகை எல்லாம் இருக்கும். அதை வாங்கி ஃபைலில் ஒட்டி, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

இனி சொந்தச் சதை. இதில் முதலில் நிற்பது டீப் ஃபிளாப். ஃபிளாப் என்றால் ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து வைக்கும் சதை. தொப்புளுக்குக் கீழே, இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தோலையும் கொழுப்பையும் எடுப்பார்கள். பிரசவத்துக்குப் பின் தளர்ந்து தொங்குகிறதே, அதே வயிறுதான். அந்தச் சதைக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய்கள் வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. எந்தக் குழாய் நல்லது என்று முன்பே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து வைத்திருப்பார்கள். தசையை வெட்டி எடுக்காமல், நார்களை விலக்கிக்கொண்டு குழாயை அதன் வேர்வரை பிரித்து எடுக்க வேண்டும். பிறகு நெஞ்சில், விலா எலும்புக் குருத்துக்குப் பக்கத்தில் ஓடும் தமனியோடும் சிரையோடும் மைக்ராஸ்கோப்பின் கீழே இணைப்பார்கள். 2, 3 மி.மீ. அகலமுள்ள குழாய்கள், தலைமுடியைவிட மெல்லிய நூல். ஒரு பக்கத்துக்கே 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். அதற்கு முன் 1982ல் கார்ல் ஹார்ட்ராம்ஃப் அறிமுகப்படுத்திய டிராம் ஃபிளாப்பில் வயிற்றுத் தசையையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள். மைக்ராஸ்கோப் தேவையில்லை, நேரம் குறைவு. ஆனால் பின்னால் வயிறு புடைப்பதும் குடலிறக்கமும் கூடுதல், படுக்கையிலிருந்து நேராக எழ முடியாத பலவீனமும் மிஞ்சும்.

டீப் ஃபிளாப்பில் முதல் 48 மணி நேரம்தான் கண்டம். ரத்தக் குழாய் இணைப்பில் கட்டி அடைத்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் அடைக்கும். அதனால் நர்ஸ் மணிக்கு ஒருமுறை, இரவிலும், சதையைத் தொட்டுப் பார்ப்பார், விரலால் அழுத்திவிட்டு நிறம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவார், கையடக்க டாப்ளரில் ஓட்டத்தைக் கேட்பார். 2, 3 வினாடியில் திரும்பினால் நல்லது. நீலம் பாய்ந்து, வீங்கி, அழுத்தியவுடன் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைத்திருக்கிறது. இதுதான் அதிகம் நடப்பது. வெளுத்து, குளிர்ந்து, நிறம் திரும்பவே இல்லை என்றால் தமனி. எதுவானாலும் சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், காலைவரை பொறுத்தால் போய்விடும். ஆகவே ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட முக்கியமான கேள்வி: இரவு 2 மணிக்கு நிறம் மாறினால் திறந்து பார்க்க மைக்ரோ சர்ஜனும் மயக்க மருத்துவரும் உடனே கிடைப்பார்களா? வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை கெட்டுப்போனது என்றும் கேளுங்கள். அனுபவமுள்ள மையங்களில் முழுச் சதையும் கெட்டுப்போவது 100ல் 1 முதல் 3 பேருக்குத்தான்.

சிசேரியன் தழும்பு, குறுக்காக அடிவயிற்றில் இருந்தால், பொதுவாகத் தடையில்லை. தொப்புளிலிருந்து நேராகக் கீழே இறங்கும் தழும்பு இருந்தால் ஒரு பக்க ரத்தம் மறுபக்கம் கடக்காது, பாதி வயிறுதான் பயன்படும். முன்பே தொப்பை குறைக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் மூடிவிட்டது. வயிற்றிலிருந்து ஒருமுறைதான் எடுக்க முடியும் என்பதால், பின்னால் மறுபக்கத்துக்கும் தேவைப்படுமா என்று இப்போதே யோசிக்க வேண்டும். மறுபக்கத்துக்கும் ஆபத்து அதிகமா என்று காட்டும் மரபணுப் பரிசோதனை, அதாவது பி.ஆர்.சி.ஏ., செய்யவில்லையென்றால் இந்தக் காரணத்துக்காகவே முன்கூட்டிக் கேளுங்கள்.

வயிற்றில் சதை போதாதவர்களுக்கு உள்தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ எடுக்கலாம், அதைச் செய்யும் மையங்கள் குறைவு. நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது முதுகுத் தசையான எல்.டி. ஃபிளாப். 1906லேயே இத்தாலிய சர்ஜன் இஜினியோ டான்சினி எழுதிவைத்த முறை. குழாயை வெட்டாமல் அக்குள் வழியாகத் தசையை முன்னால் திருப்பிக் கொண்டுவருவதால் மைக்ராஸ்கோப் வேண்டாம், கெட்டுப்போவது மிக அரிது, 3, 4 மணி நேரத்தில் முடியும். கதிர்வீச்சு பட்ட நெஞ்சுக்கும் நல்லது. அளவு மட்டும் போதாது, பெரிய மார்பகம் என்றால் அடியில் இம்ப்ளான்டும் தேவைப்படும். முதுகில் நீர் கோப்பது கிட்டத்தட்ட வழக்கம்போல நடக்கும், சில வாரம் ஊசியால் எடுக்கவேண்டி வரலாம். கையை மேலிருந்து கீழே இழுக்கும் வேலைகளில், கிணற்றில் நீர் இறைப்பது போன்றவற்றில், பலம் குறைவது தெரியும். அக்கா என்ன வேலை செய்கிறார் என்பதைச் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

கொழுப்பேற்றுதல், அதாவது வேறிடத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் ஏற்றுவது, தனியாக முழு மார்பகத்தையும் தராது, பள்ளங்களை நிரப்பவும் கதிர்வீச்சுத் தோலை மிருதுவாக்கவும்தான். ஏற்றியதில் ஒரு பகுதி கரைந்துவிடும், சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும். காம்பை உருவாக்குவது, மற்ற எல்லாம் முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான். அங்கேயே இருக்கும் தோலை மடித்துச் செய்யும் காம்பு காலப்போக்கில் பாதி உயரத்துக்குத் தாழ்ந்துவிடும், அதனால் முதலில் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். நிறத்துக்குப் பச்சை குத்துவது போதும்.

எதுவும் வேண்டாம் என்பதும் முழுமையான முடிவுதான், அக்கா அதைச் சொன்னால் யாரும் வற்புறுத்தாதீர்கள். ஆனால் அப்போதும் சர்ஜனிடம் தட்டையாக, சுருக்கமில்லாமல் தைக்கச் சொல்ல வேண்டும். அக்குள் பக்கம் தோல் மூட்டையாக மிஞ்சினால் ரவிக்கைக் கை அதில் நாளெல்லாம் உரசும். முதல் 6, 8 வாரம் பருத்தியில் செய்த லேசான பொய் மார்பகம், தையல் நன்றாக ஆறிய பின் எடையுள்ள சிலிக்கான். தையல்காரரிடம் ரவிக்கைக்குள் மெல்லிய பருத்தியில் ஒரு பை வைத்துத் தைக்கச் சொன்னால் குனியும்போது நழுவாது, வெயில் காலத்தில் வியர்வையும் தோலில் ஒட்டாது.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். புகையிலையை 4 வாரமாவது முன்பே நிறுத்த வேண்டும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் சேர்த்திதான். நிகோடின் எந்த வழியில் போனாலும் நுண்குழாய்களைச் சுருக்கும், தோல் ஓரம் கறுத்துப்போவதற்கு அது பெரிய காரணம். பெரியவர்கள் வெற்றிலைப் புகையிலையைப் புகைப்பழக்கக் கணக்கில் சொல்ல மாட்டார்கள், நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைத் தொடங்கியிருந்தால், அது ரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால், மைக்ரோ சர்ஜரிக்கு 2 முதல் 4 வாரம் முன் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின், புண்ணிலிருந்து குழாய் வழியாக வடியும் நீர் சேரும் டிரெயின் டப்பாவில் இருப்பதைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். டப்பா அமுங்கியே இருக்க வேண்டும், காற்று புகுந்து உப்பிவிட்டால் உறிஞ்சாது. 6 வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ வரும் என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். காய்ச்சல், சிவந்து சூடாவது, திடீர் வீக்கம் என்றால் மறுநாள்வரை பொறுக்காமல் போங்கள். இம்ப்ளான்டில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டி வரும்.

அந்த மார்புக்கு, எந்த முறையானாலும், உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. நம் வீடுகளில் வலி என்றால் முதலில் வைப்பது வெந்நீர் ஒத்தடம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. துணியை எடுத்துப் பார்க்கும்போது கொப்புளம் வந்திருக்கும், புதுச் சதையில் அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட், ஐஸ் எதுவும் அங்கே வேண்டாம். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால் "பிளாஸ்டிக் சர்ஜரி கிடையாது" என்று மேலோட்டமாகச் சொல்லித் திருப்பியனுப்பலாம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு வாசகத்தில் அழகு சிகிச்சைக்குத்தான் விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாலிசியில் அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு, புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு என்று சர்ஜன் கைப்பட எழுதிய கடிதத்தோடு முன் அனுமதி கேளுங்கள். ஒரு வருடம் கழித்துச் செய்வதானால் பாலிசியை நடுவில் காலாவதியாக விடாதீர்கள். எக்ஸ்பாண்டர், இம்ப்ளான்ட் மாற்றுவது, காம்பு, மறுபக்கத்தை ஒப்பாக்குவது என ஒவ்வொன்றும் தனி ஆபரேஷன், ஆகவே மொத்தத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.

மறுசீரமைப்பு செய்வதால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகமாவதில்லை. அந்தப் பக்கத்துக்கு வழக்கமான மேமோகிராம் தேவையில்லை, மறுபக்கத்துக்கு வருடம் ஒருமுறை கட்டாயம். வயிற்றுச் சதையில் சில மாதம் கழித்துக் கடினமான கட்டி தென்பட்டால் பெரும்பாலும் ரத்தம் போதாமல் இறுகிய கொழுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் தடவிப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அல்ட்ராசவுண்டும் தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.